சக்குலென்ட் இலைகளில் புள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கிழக்குப் பார்த்த ஒரு பால்கனியிலும் அதற்கு மேலே உள்ள மொட்டை மாடியிலுமாகப் பத்து வருடங்களாகச் சக்குலென்ட் (சதைப்பற்றான இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடி) வளர்த்து வருகிறேன். எச்செவேரியா, ஹவொர்த்தியா, ஜேட், கலஞ்சோ, ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை எல்லாம் உண்டு. செடி வளர்க்கும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை இலையில் விழுந்த ஏதோ ஒரு புள்ளியைப் பற்றியவை. கூடவே "என்ன மருந்து அடிக்கணும்?" என்ற கேள்வியும் வரும். அந்தப் புள்ளிகளில் பலவற்றுக்கு மருந்தே தேவையில்லை. புள்ளியால் செத்த செடிகளைவிட, பதறிப்போய் அடித்த மருந்தாலும் ஊற்றிய தண்ணீராலும் செத்த செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

இலையில் புள்ளியைப் பார்த்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

விரலால் தொட்டுப் பாருங்கள். புள்ளி கொழகொழவென்று ஈரமாக இருந்தால் அது அவசரம்; கீழே அழுகலைப் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். உலர்ந்து, கெட்டியாக, மரப்பட்டை மாதிரி இருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் புள்ளியின் இரண்டு ஓரங்களிலும் இலைமேல் ஒரு சின்னக் குறி வையுங்கள். தேதியைத் தொட்டியில் எழுதுங்கள். ஒரு வாரம், பத்து நாள் இலையில் தண்ணீர் படாமல் விட்டு மறுபடி பாருங்கள். குறியைத் தாண்டிப் பரவியிருந்தால் அது உயிருள்ள ஒன்றின் வேலை: பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி. தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் அது என்றோ நடந்து முடிந்த ஒன்றின் தழும்பு. ஒரு பேனாவும் ஒரு வாரப் பொறுமையும் சொல்லித்தரும் அளவுக்கு எந்தப் படமும் சொல்லித்தராது.

எல்லாப் புள்ளியும் நோய்தானா?

இல்லை. சில செடிகள் புள்ளியோடுதான் பிறக்கின்றன. ஹவொர்த்தியாவின் வெள்ளை முத்துகள், காஸ்டீரியாவின் திட்டுகள், சோற்றுக்கற்றாழைக் கன்றுகளில் தெரியும் வெளிர்ப் புள்ளிகள் எல்லாம் அவற்றின் இயல்பு. கற்றாழையில் அந்தப் புள்ளிகள் செடி வளர வளரப் பெரும்பாலும் மங்கிவிடும்.

ஜேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையான ஜேட் என்பது இலை பெரிதாகக் காசு அளவில் தடித்து இருக்கும் கிராசுலா ஓவேட்டா; அதன் இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசி முனை அளவில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அவை செடி அதிகப்படி நீரை வெளியே விடும் துளைகள். நீர் ஆவியாகி உப்பு மட்டும் அங்கே தங்கினால் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் ஆகிவிடும். துடைத்தால் போய்விடும். (நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்று கொடுப்பது பல நேரம் போர்ட்டுலகாரியா. இலை சின்னது, தண்டு சிவப்பு. அது வேறு செடி.)

அப்புறம் எச்செவேரியாவின் சாம்பல் பூச்சு. அது தூசி இல்லை, மெழுகு. வெயிலையும் தண்ணீரையும் தடுக்க இலை தானே பூசிக்கொள்வது. என் அம்மா ஒருமுறை தூசி என்று நினைத்து ஒரு செடி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். துடைத்த இலைகளில் அந்தப் பூச்சு திரும்ப வரவே இல்லை. புதிய இலைகள் வந்து பழையவை உதிரும்வரை அந்தச் செடி திட்டுத்திட்டாகவே நின்றது.

அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்ந்து காகிதம்போல் ஆவதும் நோய் இல்லை. கீழே இருப்பதை உறிஞ்சிக்கொண்டு மேலே வளர்வது அவற்றின் வழக்கம்.

வெயிலால் விழுந்த புள்ளியை எப்படி அடையாளம் காண்பது?

அது ஒரு பக்கமாக விழும். சூரியன் பார்க்கும் பக்கத்தில் மட்டும் முதலில் வெளுத்து, பிறகு பழுப்பாகி, கடைசியில் உலர்ந்த தழும்பாக நிற்கும். செடியைத் திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பச்சையாக இருக்கும். மேல் இலையின் நிழல் விழுந்த இடம்கூடத் தப்பியிருக்கும். பூஞ்சை இப்படித் திசை பார்த்து வராது.

இது பெரும்பாலும் இரண்டு சமயங்களில் நடக்கிறது. ஒன்று, மே மாதக் கத்திரி வெயில். இன்னொன்று, நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே மொட்டை மாடியில் வைப்பது. "இது பாலைவனச் செடிதானே, வெயில் தாங்காதா?" என்று கேட்பார்கள். எல்லாமே பாலைவனச் செடி இல்லை. எச்செவேரியாக்களில் பல மெக்சிகோவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தவை. அங்கே பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் ஹவொர்த்தியா புதர்களுக்கும் பாறைகளுக்கும் அடியில் ஒளிந்து வளர்வது. நம் ஊர்ப் பகல் 2 மணி வெயில் இரண்டுக்குமே பழக்கமில்லை.

வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரம் ஆகும். முதலில் காலை 8 மணி வரை, பிறகு 9 மணி, 10 மணி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் மழை மேகத்தில் இருந்துவிட்டுத் தை மாதத்தில் வெயிலுக்கு வரும் செடிக்கும் இது பொருந்தும். விளிம்பு மட்டும் சிவந்தால் பயப்பட வேண்டாம். அது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்க்கும் நிறமி.

பகலில் தண்ணீர் தெளித்தால் துளி லென்ஸ் மாதிரி இலையைச் சுட்டுவிடுமா?

வழவழப்பான இலையில் சுடாது. 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைமேல் துளி ஒட்டிப் படுத்துக்கொள்வதால் ஒளி குவியும் புள்ளி இலைக்குக் கீழே போய்விடுகிறது. துளியும் இலையைக் குளிரவைக்கிறது. மெழுகு ரோமம் உள்ள இலையில் மட்டும் துளி ரோமங்களின் மேல் உயர்ந்து நிற்பதால் சூடு விழ வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள். ஆகவே பூனைக்காது மாதிரி ரோமம் அடர்ந்த கலஞ்சோ வகைகளுக்கு இலைமேல் ஊற்ற வேண்டாம். மற்றவற்றுக்கும் நான் ஊற்றுவதில்லை. அதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, இலை இடுக்கில் தேங்கும் நீர்.

இலையின் அடியில் பழுப்பாக, சொரசொரப்பாக, மரு மாதிரி வந்திருக்கிறது. இது என்ன?

மழைக்காலத்தில் எனக்கு மிக அதிகமாக வரும் படம் இதுதான். பூஞ்சை என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். இது நோய் இல்லை, நீர்க்கொப்புளம்.

நடப்பது இது. மண் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கிறது. வேர் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலையால் அந்தத் தண்ணீரை ஆவியாக விட முடியவில்லை. சக்குலென்ட்களில் பெரும்பாலானவை தண்ணீர் வீணாகாமல் இருக்க இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பவை. மழைக்கால இரவிலோ காற்று இன்னும் ஈரமாக இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, தோலுக்குக் கீழே உள்ள செல்கள் வீங்கி உடைகின்றன. முதலில் கண்ணாடி மாதிரி சின்ன நீர்ப் பொட்டு. சில நாளில் அந்த இடத்தைச் செடி தக்கை போன்ற பொருளால் மூடிக்கொள்கிறது. நாம் பார்ப்பது அந்தத் தக்கையைத்தான்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் கூரையில்லாத இடத்தில் இருக்கும் ஜேட்டும் கலஞ்சோவும் இந்தத் தழும்பு இல்லாமல் தப்புவது கடினம். ஒரு நவம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் பெரிய ஜேட்டில் அடி இலைகள் எல்லாம் இப்படி ஆகியிருந்தன. மூன்று வாரம் கூரைக்குக் கீழே, தண்ணீரே இல்லாமல் வைத்தேன். புதிதாக வந்த இலைகள் சுத்தமாக வந்தன. பழைய தழும்பு இருந்த இலைகள் ஒரு வருடத்தில் தானே உதிர்ந்தன.

ஒரு இலையிலிருந்து இன்னொன்றுக்கு இது தொற்றாது. மருந்து, எண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, வெளிச்சத்தையும் காற்றையும் கூட்டினால் போதும்.

பூஞ்சைப் புள்ளி என்றால் எப்படி இருக்கும்?

உருண்டையாக, கொஞ்சம் குழிந்து, சுற்றி ஒரு மஞ்சள் வளையத்தோடு இருக்கும். பெரிதாகும்போது ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியலாம். போன் கேமராவைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தால் நடுவில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்பொட்டுகள் இருக்கும். அவைதான் வித்துகள் உருவாகும் இடங்கள். ஆந்த்ராக்னோஸ் என்ற நோயில் ஈரமான நாட்களில் அங்கே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பும் தெரியும். முக்கியமானது, நீங்கள் பேனாவால் வைத்த குறியை அது தாண்டும்.

இந்த வகைப் பூஞ்சை முளைக்க இலைமேல் தண்ணீர் வேண்டும். சில மணி நேரம் இலை நனைந்தே இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே இறங்கும். அதனால் சாயந்திரம் தலையில் ஊற்றிவிட்டு இரவு முழுவதும் ஈரமாக விடுவது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது மாதிரி. தண்ணீர் விடுவது காலையில், மண்ணில் மட்டும்.

சோற்றுக்கற்றாழையில் கறுப்பு வட்டங்கள் வருகின்றன. செத்துவிடுமா?

பெரும்பாலும் சாகாது. கற்றாழைக்கு வரும் துரு நோயாக இருக்கலாம். முதலில் வெளிர் மஞ்சள் பொட்டு; பிறகு ஆரஞ்சு கலந்த பழுப்பு; கடைசியில் கெட்டியான கறுப்பு வட்டம். அந்தக் கறுப்பு, பூஞ்சை மேலும் போகாமல் தடுக்கக் கற்றாழை தன் சாற்றில் உள்ள பொருட்களால் எழுப்பிக்கொண்ட சுவர். பல நேரம் அந்தச் சுவரோடு விஷயம் முடிந்துவிடும். குளிர்ந்த, ஈரமான வாரங்களில் வரும். வெயில் காய்ந்ததும் நிற்கும். மிக மோசமான இலைகளை மட்டும் அடியோடு வெட்டி, நெருக்கமாக நிற்கும் கன்றுகளைப் பிரித்து நட்டுக் காற்று போக வழி செய்யுங்கள்.

இலை ஓரத்திலும் நடுக்குருத்திலும் காலிஃபிளவர் மாதிரி சதை முறுக்கிக்கொண்டு வளர்ந்தால் அது துரு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் உள்ளே இருந்து செய்யும் வேலை. அந்தப் பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டி, பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழிக்கு வேண்டாம்.

ஸ்நேக் பிளான்டின் இலையில் சிவந்த பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. ஏன்?

குருத்தில் தண்ணீர் தேங்குவதால். புது இலைகள் புனல் மாதிரி சுருண்டு நிற்கும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே நீர் நிற்கும். அங்கே ஃபியூசேரியம் என்ற பூஞ்சை இளம் இலையில் இறங்கி, குழிந்த செம்பழுப்புப் புள்ளிகளையும் சுற்றி மஞ்சளையும் உண்டாக்கும். முதிர்ந்த இலையில் இது அவ்வளவாக வராது. பஞ்சை வைத்துக் குருத்திலிருந்து நீரை உறிஞ்சி எடுங்கள். இனி ஓரமாக மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். பாதித்த இலையை அடியோடு எடுத்துவிட்டால் செடி தொடர்ந்து வளரும்.

அடிப்பகுதியே மஞ்சளாகி வளைந்து சாய்ந்தால் அது புள்ளி நோய் இல்லை, கிழங்கு அழுகல். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

புள்ளி கொழகொழவென்று, கண்ணாடி மாதிரி தெரிகிறது. நாற்றமும் அடிக்கிறது.

பாக்டீரியா அழுகல். இதில் காத்திருக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் ஓர் இலை இரண்டு மூன்று நாளில் கூழாகிவிடும், அங்கிருந்து தண்டுக்குப் போய்விடும்.

ஒரு பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, பாதித்த இலையைத் தண்டோடு ஒட்டி எடுங்கள். தண்டின் வெட்டில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் நோய் தண்டுக்குள் போயிருக்கிறது. அது தெரியாத, சுத்தமான வெளிர்ப் பச்சை வரும்வரை நுனிப் பக்கமாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் நாமே நல்ல சதைக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். மிஞ்சிய நல்ல நுனியை நிழலில் நான்கைந்து நாள் உலரவிட்டு, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு புதிய, காய்ந்த கலவையில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இந்த அழுகலுக்குப் பூஞ்சைக் கொல்லி வேலை செய்யாது. ஒரே நேரத்தில் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்து, ஆனால் நாற்றம் இல்லாமல் இருந்தால் அது வெறும் தண்ணீர் மிகுதியாகவும் இருக்கலாம். வேரைப் பாருங்கள்.

பூச்சியால் வரும் புள்ளிகள் எவை?

வெளிர்ப் பொட்டுகள் மணல் தூவியதுபோல் நிறைய இருந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள்; நகரும் புள்ளிகள் விழும். வெள்ளிக் கீறல்களும் நடுவில் கறுப்புத் துளிகளும் இருந்தால் இலைப்பேன். பழுப்பு நிறத்தில் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினால் வருவது செதில் பூச்சி. அதைப் பலர் புள்ளி என்றே நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் பெரிய எதிரி மாவுப்பூச்சிதான். இலை இடுக்கில் பஞ்சு மாதிரி இருக்கும். அது விடும் தேன் போன்ற கழிவின்மேல் கரும்பூஞ்சை படர்ந்து இலையில் கறுப்புத் திட்டு உண்டாகும். அந்தக் கறுப்பு இலைக்குள் இல்லை, மேலேதான் இருக்கிறது. ஈரப்பஞ்சால் துடைத்தால் போய்விடும். தொட்டியில் எறும்பு வரிசை கட்டினால் பூச்சி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். எறும்புகள் அந்தத் தேனுக்காக அவற்றைக் காவல் காத்து, செடி விட்டுச் செடி கொண்டுபோகவும் செய்யும்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை. முட்டைகள் மிஞ்சும் என்பதால் ஒரே தடவையில் முடியாது. வேர்களிலும் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மண் முழுவதையும் கழுவி, வேரை உலர்த்தி, புது மண்ணில் நட வேண்டும்.

வெள்ளைத் திட்டுகள் பல வகையாகத் தெரிகின்றனவே, எதை எப்படிப் பிரிப்பது?

போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை என்றால் நீர்த்துளி காய்ந்த வடிவில் வட்டமாக இருக்கும். ஒரு பங்கு வினிகரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றினால் கரையும். பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றிவிடுங்கள். சாம்பல் நோய் என்றால் திருநீறு தூவியதுபோல் இருக்கும். துடைத்தால் போகும், சில நாளில் திரும்ப வரும், அதற்கடியில் இலை பழுப்பாகச் சொரசொரத்துப்போயிருக்கும். ஜேட்டுக்கும் கலஞ்சோவுக்கும் இது அதிகம். இலை முழுக்க ஒரே சீராக இருந்தால் அது மெழுகு, தொடாதீர்கள்.

வேப்பெண்ணெய், மஞ்சள்தூள், சாம்பல் இவை உதவுமா?

வேப்பெண்ணெய் பூச்சிக்கு உதவும். புள்ளிக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைய ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல், இது வழக்கமான அளவு. சக்குலென்டுக்கு நான் அதில் பாதியில்தான் தொடங்குவேன். எண்ணெய் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். அடித்த செடியை மறுநாள் வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். முதன்முதலில் நான் வேப்பெண்ணெய் அடித்த எச்செவேரியாவில் மாவுப்பூச்சி போனது உண்மை. கூடவே இலையெல்லாம் பழுப்புத் திட்டு விழுந்ததும் உண்மை. சாயந்திரம், நிழலில், ஒரே ஓர் இலையில் அடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

மஞ்சள்தூளையும் பட்டைத்தூளையும் வெட்டுவாயில் தடவுவார்கள். ஈரத்தை உறிஞ்சும், கெடுதல் இல்லை. ஆனால் இலைக்குள் இறங்கிவிட்ட பூஞ்சையை மேலே தூவும் எந்தப் பொடியும் எட்டாது. சாம்பல் வேண்டாம், மண்ணில் உப்புதான் ஏறும். மோர், அரிசி கழுவிய தண்ணீர் ஆகியவற்றை இலைமேல் தெளிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ரோஜாவுக்கு ஊற்றுவதை இதற்கும் ஊற்றினால் இலை இடுக்கில் புளித்துப் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

அப்படியென்றால் கடை மருந்து எப்போது?

குறியைத் தாண்டிப் பரவுகிறது, இரண்டுக்கு மேற்பட்ட தொட்டிகளில் வந்துவிட்டது, மழையும் விடுவதாக இல்லை. அப்போது. பூஞ்சைக் கொல்லிகளான காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், அல்லது மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்பது நம் பகுதியில் தோட்டப் பயிர்களுக்குச் சொல்லப்படும் அளவு. டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவைக்கு மேல் நான் போவதில்லை. இவை புதிய இலைகளைக் காக்கும். விழுந்த புள்ளியை அழிக்காது.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றோட்டமில்லாத அறைக்குள் அடிக்காதீர்கள். குழந்தைகள், பூனை, நாய் தொடாத இடத்தில் உலரவிடுங்கள். மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை ஜேட், கலஞ்சோ, எச்செவேரியா இருக்கும் குடும்பத்துக்கு அடிக்கவே வேண்டாம். இலையைக் கருக்கிவிடும், உதிர்த்துவிடும்.

விழுந்த புள்ளி மறையுமா? அந்த இலைகளை வெட்டிவிடலாமா?

மறையாது. இலையில் செத்த இடம் செத்ததுதான். செடி குணமாகிறதா என்று தெரிய நடுக்குருத்தைப் பாருங்கள். அங்கே வரும் இலை சுத்தமாக வந்தால் நீங்கள் செய்தது சரி. பழைய இலையை ஒவ்வொரு நாளும் பார்த்துக் கவலைப்படுவதில் பயன் இல்லை.

வெயில் தழும்பும் நீர்க்கொப்புளமும் உள்ள இலைகளை விட்டுவிடுங்கள். மீதிப் பச்சை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே நேரத்தில் பாதி இலைகளைப் பிய்த்துவிட்டால் தண்டு வெளியே தெரிந்து அதுவும் வெந்துவிடும். பூஞ்சை, பாக்டீரியா உள்ளவற்றை மட்டும் எடுங்கள். திருகுகள்ளி போன்ற பால் வடியும் செடி என்றால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பால் கண்ணுக்கு மிகவும் ஆபத்து.

புள்ளி உள்ள இலையிலிருந்து புதுச் செடி வளர்க்கலாமா?

தழும்பு என்றால் தாராளமாக. பரவும் நோய் என்றால் வேண்டாம்.

மண்ணும் தண்ணீரும் எப்படி இருந்தால் புள்ளி வராமல் தடுக்கலாம்?

நர்சரியிலிருந்து வரும் சக்குலென்ட் பல நேரம் முழுக்கக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) இருக்கும். அங்கே அவர்களுக்கு அது சௌகரியம்: எடை குறைவு, சீக்கிரம் வேர் பிடிக்கும். நம் பால்கனியில் அது நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் பிறகு தண்ணீரை ஏற்கவும் அடம்பிடிக்கும். நான் வேரைச் சுற்றியுள்ள கோகோபீட்டை மெதுவாக உதிர்த்து எடுத்துவிடுவேன். பிறகு என் கலவை: இரண்டு பங்கு பருக்கை ஆற்று மணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணை), ஒரு பங்கு உளுந்து அளவுக்கு உடைத்த செங்கல், ஒரு பங்கு செம்மண், அரைப் பங்கு மட்கிய உரம். கையில் பிடித்து நனைத்து அழுத்தினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது, உப்பு.

தொட்டி மண் தொட்டியாக, அடியில் ஓட்டையோடு இருக்கட்டும். அழகுக்காகப் பீங்கான் கோப்பையில் வைத்து அடியில் தண்ணீர் நிற்பதே தெரியாமல் இழந்த செடிகள் ஏராளம்.

தண்ணீரை நாள் கணக்கில் விடாதீர்கள். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு யார் எண் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஏப்ரலில் மாடியில் இருக்கும் செடிக்கும் நவம்பரில் ஜன்னலோரம் இருக்கும் செடிக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஒரு ஐஸ்கிரீம் குச்சியைத் தொட்டியின் அடிவரை சொருகி எடுங்கள். காய்ந்து வந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஈரம் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். அடி இலையை லேசாக அழுத்திப் பார்ப்பதும் நல்ல பழக்கம்: தளர்ந்து சுருங்கியிருந்தால் தாகம், விறைப்பாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது.

மழைக்காலத்தில் எங்கே வைப்பது?

மழை படாத, வெளிச்சம் வரும் இடத்தில். பால்கனியில் சாரல் அடிக்கும் பக்கம் எது என்று ஒரு மழைக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும். மொட்டை மாடிக்காரர்கள் நிழல்வலையை நம்பாதீர்கள். அது மழையைத் தடுக்காது, துளியாகச் சொட்டவைக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் ஷீட்டைச் சரிவாகக் கட்டி நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். மூடிவிட்டால் உள்ளே புழுங்கும்.

தொட்டிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் தினமும் சில மணி நேரம் மின்விசிறிக் காற்று பட்டால் நல்லது. அக்டோபர் தொடக்கத்திலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். உரம் அறவே நிறுத்திவிடுவேன். உரம் போட்டு வளர்ந்த கொழுத்த இளம் இலையில்தான் பூஞ்சை சுலபமாக இறங்குகிறது.

புதுச் செடி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நடுக்குருத்தையும் இலை இடுக்கையும். அடி இலையில் ஒரு தழும்பு இருந்தால் பரவாயில்லை, குருத்தில் புள்ளி இருந்தால் வேண்டாம். பெயின்ட் அடித்த செடிகளை வாங்காதீர்கள். இலை மூச்சுவிட முடியாமல் போகும், அடியில் இருக்கும் நோயும் தெரியாது. கூரியரில் வந்த செடி இருட்டில் பல நாள் இருந்திருக்கும். அதை நேரே வெயிலில் வைக்கக் கூடாது. எந்தச் செடியானாலும் பதினைந்து நாள் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன். இந்த ஒரு பழக்கத்தை நான் ஒருமுறை மீறியபோது வந்த மாவுப்பூச்சியை ஒழிக்க எட்டு மாதம் ஆனது.

புள்ளி விழுந்த சோற்றுக்கற்றாழையை முகத்துக்கோ தலைக்கோ பயன்படுத்தலாமா?

மருந்து அடித்த செடி என்றால் கண்டிப்பாகக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கு வேறு தொட்டி வையுங்கள். மருந்து படாததாக இருந்தாலும் புள்ளி இல்லாத இலையையே எடுங்கள். வெட்டியதும் இலையைச் செங்குத்தாக நிறுத்தி மஞ்சள் பால் முழுக்க வடியவிட்டு, கழுவிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் சோற்றை எடுக்க வேண்டும்.

எந்தக் கட்டத்தில் செடியைக் கைவிடுவது?

தண்டை நுனிவரை வெட்டியும் ஒவ்வொரு வெட்டிலும் பழுப்பு தெரிந்துகொண்டே இருந்தால். அதற்கு முன்னால் ஒருமுறை உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பாருங்கள். அடிப்பாகம் முழுசாக, சுத்தமாக இருக்கும் இலை ஒன்றிரண்டு கிடைத்தால் காய்ந்த மணல்மேல் நிழலில் போட்டு வையுங்கள். எச்செவேரியாவும் கலஞ்சோவும் மூன்று நான்கு வாரத்தில் அடியில் இளஞ்சிவப்பு வேரும், கடுகு அளவில் ஒரு குட்டிச் செடியும் விடும். வேர் தெரியும்வரை தண்ணீர் தெளிக்க வேண்டாம்.